ராஜாளி வலி

சித்த நகந்து ஒக்காருங்க அம்மணி. ஆங், போதும் போதும். பையை நான் மடியிலயே வெச்சுக்கறேன். காலையில இருந்து இந்த வராண்டாவுல யாரு பக்கத்துல ஒக்காரலாம்னு பாத்துட்டே நின்னனுங்க. நீங்க கொண்டை போட்டிருக்கறீங்க, பிடரி தெரியுது, அங்க ஒயரு மாட்டற சாக்கெட்டு இல்லை. அதான் வந்தேன். வயசான ஆளு பொம்பளைப்புள்ளை பிடரியைப் பாக்கறானேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. சுத்தியும் பாருங்க, அத்தனை பேரு பிடரியிலயும் குழி. அந்தச் செவப்புச் சட்டைக்காரன், அவனுக்கு அக்கட்டால அந்தம்மா, செவுத்துல சாஞ்சிருக்கற போலீஸ்காரரு, எல்லாரும் கையை இடது விலாவுக்குக் கீழ வெச்சு அமுக்கிட்டு ஒக்காந்திருக்கறாங்க. எல்லாரும் லைனு எடுத்தவங்க. அவிங்க பக்கத்துல ஒக்காந்து நான் வாயைத் தொறந்தா சண்டைக்கு வந்துருவாங்க. மொதத் தடவை வந்தப்ப ஒருத்தன் சட்டையவே புடிச்சுட்டான்.

ராஜாளி தெரியுமுங்களா? தலையாட்டறீங்க. தெரியாம இருக்குமா. மேம்பாலத்துக்கு மேல அஞ்சு மாடி ஒசரத்துக்கு ஸ்கிரீன்ல நிக்கறாரே, ரெண்டு தோளுலயும் மோட்டார் கை மாட்டிட்டு, அவருதான். ஆத்துல இருந்து நொரை பறந்து வந்து அவரு மூஞ்சியில அப்பிக்கும். அதைத் தொடைக்கறதுக்குன்னே மன்றத்துப் பசங்க மொறை வெச்சு ஏணி ஏறறாங்க. அந்த ராஜாளிக்கு ஒரு வலி வருமுல்ல, ஜெயிச்சு நிக்கறப்ப, திடீர்னு விலாவுக்குக் கீழ. இந்த வராண்டா முச்சூடும் அந்த வலிதான் ஒக்காந்திருக்குது.

அந்த வலி என்னுதுங்க.

சிரிக்காதீங்க. சிரிக்கலைங்களா? சரி, கன்னத்துல கை வெச்சிருந்தீங்க, சிரிப்பை மறைக்கறீங்களோன்னு நெனச்சேன். எம்பேரு வெள்ளிங்கிரி. எம்பேரை நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க. எங்கயும் போடலை, அதான்.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். நான் படத்துக்கு டப்பிங் குடுத்த ஆளுங்க. வசனம் இல்லை, சத்தம். ஹீரோ அடிக்கறாரு, அடியாளு பறந்து போயி காய்கறி வண்டி மேல விழுகறானே, அவன் போடற "ஆ" இருக்குதே, அது நானு. மெட்ராஸ்ல இருந்தே கூப்புடுவாங்க. வயித்துல குத்துனா ஒரு சத்தம், மொழங்கால்ல அடிச்சா ஒரு சத்தம். எல்லாத்துக்கும் ஒரே "ஆ" போடற ஆளுக இருந்தாங்க, அவிங்களைப் பத்திப் பேச வேண்டாம். நான் அப்படியில்லைங்க. மொழங்கால் அடிக்கு மொதல்ல சத்தமே வராது, மூச்சுத்தான் உள்ள போகும். சத்தம் அதுக்கப்பறந்தான். இதெல்லாம் கவனிக்கோணும். அப்பறம் மெஷினே அத்தனை சத்தமும் போடக் கத்துக்கிச்சு, எங்களையெல்லாம் ஊட்டுக்கு அனுப்பிப்போட்டாங்க. நான் கோயமுத்தூருக்கே திரும்பி வந்துட்டேன்.

அந்த நேரத்துலதான் மூடிக் கெடந்த ஸ்பின்னிங் மில்லுகளை எல்லாம் வாங்கி சண்டைக் களம் ஆக்குனாங்க. நம்மூர்ல பம்பு மோட்டாருக்கு காயில் சுத்துன லேத்துப் பட்டறைங்க எல்லாம் மோட்டார் கை செய்ய ஆரம்பிச்சாங்க. ரெண்டு பேரு அந்தக் கையை மாட்டிட்டு ஒருத்தனை ஒருத்தன் நொறுக்கோணும், அதான் ஆட்டம். பாக்கறவங்களுக்கு பிடரியில சாக்கெட்டு, அதுல ஒயரு. ஆடறவன் ஒடம்புல என்ன நடக்குதோ அது ஒயரு வழியா இவிங்களுக்கு வரும். அதான் லைனுங்கறது.

ஆனா ஆரம்பத்துல லைனு எடுத்தவங்க எல்லாம் காறித் துப்புனாங்க அம்மணி. ஏன்னு கேளுங்க. ஆடறவனுக்கு வலிச்சா அவன் பின்னால நகருவான், கையைக் கட்டிக்குவான். பின்னால நகந்தா ஆட்டம் ஓடுமா? அதனால எல்லாருக்கும் மரத்துப்போற ஊசி போட்டுத்தான் எறக்குனாங்க. அவன் கை ஒடையும், தாடை பேந்து போகும், லைனுல ஒண்ணுமே வராது. பல்லு புடுங்க ஊசி போட்டுட்டு ஒக்காந்திருப்போமில்ல, அப்படி ஒரு மப்பு மட்டும் வரும். சனத்துக்குக் கோவம். வலியில்லாத சண்டையை எவன் பாப்பான்?

அப்பத்தான் நந்தகோபால் சாருக்கு ரோசனை வந்துச்சு. லைனுக்கெல்லாம் அவருதான் பெரிய எஞ்சினியரு. அடி ஒருத்தன் வாங்கட்டும், வலி வேற ஒருத்தன் குடுக்கட்டும்னாரு. களத்துக்குக் கீழ, பழைய பஞ்சு குடோன்ல ஒரு ரூமு, மேல நடக்கறதைப் பாக்க ஒரு டிவி. ஒரு நாற்காலி. ஒடம்பெல்லாம் ஒயரு. மேல ராஜாளிக்கு எங்க அடி விழுகுதோ, கீழ நாற்காலி எனக்கு அதே எடத்துல சுருக்குனு குடுக்கும். என் ஒடம்பு வலிக்கும், அந்த வலி லைனுல போகும். அடி அவருக்கு, வலி எனக்கு, கைதட்டு அவருக்கு. கொறையாச் சொல்லலைங்க. தொழிலு அப்படி. படத்துலயும் அப்படித்தானே இருந்தேன்.

நெம்பப் பேரை வெச்சுப் பாத்தாங்க. வாட்டசாட்டமான பசங்க எல்லாம் நாற்காலியில ஒக்காந்துட்டு பயந்தானுங்க. பயந்தா லைனுல வலி போகாது, பயம்தான் போகும். பயத்தைக் காசு குடுத்து எவன் வாங்குவான்? நான் ஒக்காந்தன்னிக்கு நந்தகோபால் சாரு ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, "வெள்ளிங்கிரி, நீங்க கலைஞனுய்யா"ன்னாரு. அப்படி யாருங்க சொல்லுவாங்க? எம்பட சம்சாரம் துளசிமணி அத்தனை வருசத்துல ஒரு நாளு சொன்னதில்லை. அவளுக்கு இதுல எல்லாம் ரசனை பத்தாதுங்க. "ஊட்டுக்கு வந்தா மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்குது, என்ன பொழப்பு இது"ன்னு அது ஒண்ணுதான் கேப்பா.

யாருகிட்டயும் சொல்லப்படாதுன்னு பேச்சு. கம்பெனி ஆளுங்கன்னு இருக்கற கணக்குல கூட எம்பேரு இல்லை. ராஜாளி வலி தாங்கறாருன்னு சனம் நம்போணுமில்ல? நான் வாயைத் தொறக்கலை. அவரு கட் அவுட்டுக்குப் பால் ஊத்துனாங்க, தேரு இழுத்தாங்க, கல்யாணப் பத்திரிகையில அவரு மூஞ்சியைப் போட்டாங்க. நான் டவுன் பஸ்ஸுல போயிட்டு டவுன் பஸ்ஸுல வந்தேன். பஸ்ஸுல ரெண்டு பசங்க பேசிக்குவாங்க, "நேத்து தோள்ல வாங்குனாரே ஒண்ணு, அடடா, எலும்புக்குள்ள எறங்குச்சுடா"ன்னு. நான் பின் சீட்டுல ஒக்காந்து கேட்டுக்குவேன். அந்தத் தோளு வலிக்கு நான் எத்தனை மெனக்கெட்டேன்னு அவனுங்களுக்குத் தெரியாது. போகட்டும்.

இந்த வலி வந்தது போன சீசன்லதானுங்க.

கோப்பைக்கு மொத ஆட்டம். ராஜாளி ஜெயிச்சுட்டாரு. எதிராளி தரையில கெடக்கறான். இவரு ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கறாரு. லைனை இன்னும் மூடலை. அப்பத்தான் எனக்கு இங்க, இடது விலாவுக்குக் கீழ, ஈரத்துணியைப் புழியற மாதிரி ஒரு முறுக்கு. முறுக்கி அப்படியே முதுகுக்குப் போச்சு. நாற்காலி குடுத்ததில்லைங்க அது. நாற்காலி அணைஞ்சு போயிருந்துச்சு. என்னோட சொந்த வலி. நான் என்னையறியாம முனகிட்டேன். அது அப்படியே லைனுல போயிருச்சு.

நான் வேலை போச்சுன்னே நெனச்சேன். மேல பாத்தா சத்தமே இல்லை. அத்தனை ஆயிரம் சனம் கப்சிப்புனு ஒக்காந்திருக்குது. அப்பறம் ஒரு பொம்பளை அழுதா. அப்பறம் எல்லாரும் அழுதாங்க. ஜெயிச்ச மனுசனுக்கு உள்ள ஒரு வலி! அடிபட்டவனுக்கு வலிக்கறதை எல்லாரும் பாத்திருக்கறாங்க. ஜெயிச்சவனுக்கு வலிச்சு இவிங்க பாத்ததில்லை. தலைவருக்கு மனசுல ஏதோ துக்கம்னு ஒருத்தன். அம்மா செத்ததை மறைக்கறாருன்னு ஒருத்தன். அவுங்கம்மா வடவள்ளியில நல்லா இருக்கறாங்க, அது வேற விசயம். காதல் தோல்வின்னு காலேஜ் புள்ளைங்க சொல்லி, விலாவுல கை வெச்சுப் படம் எடுத்துப் போட்டாங்க. ஒரு வாரத்துல லைனு எடுத்தவங்க எண்ணிக்கை எங்கயோ போயிருச்சு.

ராஜாளிக்கு ஒண்ணும் புரியலை. அவருக்கு எங்கயும் வலிக்கலை பாருங்க. ஒரு மாஸ்டரை வெச்சு, ஜெயிச்சதும் கொஞ்சம் குனிஞ்சு, விலாவுல கை வெச்சு, கண்ணை மூடோணும்னு சொல்லிக் குடுத்தாங்க. நல்லாவே பண்ணுனாரு. அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

நான் நந்தகோபால் சாருகிட்டப் போயி, சார், ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்துட்டு வந்தர்றேன், ரெண்டு நாளு லீவு குடுங்கன்னேன். அவரு எந்திரிச்சு வந்து எங்கையைப் புடிச்சுக்கிட்டாரு. "வெள்ளிங்கிரி, இத்தனை வருசம் நாற்காலி குடுத்ததைத்தான் குடுத்தீங்க. இப்பத்தான் உங்களுதைக் குடுத்திருக்கறீங்க. இதைப் போயி மாத்திரை போட்டு அழிப்பீங்களா?"ன்னாரு. "சீசன் முடியட்டும், நம்ம ஆஸ்பத்திரியிலயே ராஜா மாதிரி பாத்துக்கலாம்"னாரு. நீங்களே சொல்லுங்க, அப்படிச் சொல்றவருகிட்ட என்னத்தைப் பேசறது? எனக்குக் கண்ணே கலங்கிருச்சுங்க. என்னுதுன்னு ஒண்ணை ஒருத்தரு மதிச்சது அதுதான் மொதத் தடவை.

அன்னியிலிருந்து என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்குனாங்க. ஆட்டத்துக்கு முன்னால எனக்குன்னு தனியா மட்டன் பிரியாணி வரும். நெய்யு மெதக்கும். குடல் வறுவலு, பரோட்டா, எண்ணெய் சொட்டச் சொட்ட பஜ்ஜி. சாப்புட்ட கொஞ்ச நேரத்துல இங்க முறுக்க ஆரம்பிக்கும், ஆட்டம் முடியறதுக்கும் அது உச்சிக்கு வர்றதுக்கும் கனகச்சிதமா இருக்கும். நந்தகோபால் சாரே பக்கத்துல நின்னு, "இன்னொரு கரண்டி வைப்பா வெள்ளிங்கிரிக்கு"ம்பாரு. பெத்த அப்பன் கூட எனக்கு அப்படிப் பரிமாறுனதில்லைங்க.

துளசிமணிகிட்ட இதைச் சொன்னா அவ தலையில அடிச்சுக்கறா. "உங்களைய ஆட்டுக்கெடா மாதிரி தீனி போட்டு வளக்கறாங்க, உங்களுக்கு அது கூடத் தெரியலையா"ங்கறா. "அது படமில்ல, உங்க ஒடம்பு"ங்கறா. பொறாமை, வேறென்ன. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். இந்த வலியால எத்தனை சனம் அழுகுதுன்னு தெரியுமா உனக்குன்னு கேட்டேன். "நானுந்தான் அழுகறேன், அதுக்கு யாரு டிக்கெட்டு எடுத்தா"ன்னு சொல்லிப்போட்டு அவ தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டா. இப்படியெல்லாம் பேசத் தெரியும் அவளுக்கு.

மன்றத்துப் பசங்க கூத்தைக் கேளுங்க. சாதாரண சனம் லைனை கால்வாசிதான் வெப்பாங்க, சுருக்குனு தெரிஞ்சாப் போதும். மன்றத்துக்காரங்க முழுசா வெச்சாங்க. ராஜாளி பொறந்த நாளன்னிக்கு ஊரு ஊருக்குப் பந்தல் போட்டு, வரிசையா ஒக்காந்து, ஒயரை மாட்டிட்டு, என் வலியை மொத்தமா வாங்குனாங்க. அலகு குத்திக்கற மாதிரி அது ஒரு வேண்டுதலு. "தலைவர் வலியை நாங்க பங்கு போட்டுக்கறோம், ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டா அவருக்குக் கொறையும்"னு மைக்கு வெச்சுச் சொன்னாங்க. நல்ல மனசுங்க அவிங்களுக்கு. சத்தியமாச் சொல்றேன், நல்ல மனசு. ஆனா எனக்கு ஒரு துளி கொறையலைங்க அம்மணி. அத்தனை பேரு எடுத்தும் ஒரு துளி கொறையலை.

கோப்பை முடிஞ்சுது. ராஜாளி ஜெயிச்சாரு. நான் ஒடம்புல பாதியா ஆயிட்டேன், வேட்டி இடுப்புல நிக்கலை. சரி, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களான்னு நந்தகோபால் சாருகிட்டக் கேட்டேன். மேடைக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி பொன்னாடை போத்துனாரு. நல்ல பட்டு. "இனிமேல் நீங்க ஓய்வு எடுங்க. உங்க வலியை முழுசாப் பதிவு பண்ணி வெச்சிருக்கறோம். இனி எத்தனை சீசன் வேணாலும் ஓடும். உங்களைச் சிரமப்படுத்த மாட்டோம்"னாரு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. நான் போனாலும் அது இருக்கும் பாருங்க.

அங்கதான் ராஜாளியை மொத மொதல்ல கிட்டத்துல பாத்தேன். தண்ணி குடிச்சுட்டு நின்னாரு. நல்ல பையன், கண்ணு தெளிவா இருக்குது. நான் கிட்டப் போயி, "வலி எப்படி இருந்துச்சுங்க?"ன்னு கேட்டேன். "எந்த வலிங்கண்ணா?"ன்னாரு. அவரு லைனு மாட்டறதில்லையாமா. தலைவலி வருமாமா. பாவம், அவரு மேல என்ன தப்பு. எங்கிட்ட டம்ளரைக் குடுத்தாரு, நான் வாங்கி வெச்சுட்டு வந்தேன்.

கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போனா வாசல்லயே நிறுத்திட்டாங்க. எம்பேரு எங்கயும் இல்லையே. நந்தகோபால் சாருக்குப் போன் பண்ணுனா அவரு வெளிநாட்டுல இருக்கறாராமா, வந்ததும் பாக்கறேன்னாராமா. வேலை அதிகம் அவருக்கு. சரி, பெரியாஸ்பத்திரி இருக்குதே, நாலு பேரைப் போல நாமளும் நிப்போம்னு இங்க வந்தேன்.

இப்பத்தான் அம்மணி விசயமே.

டாக்டரு சின்னப் பையன். "எங்கய்யா வலிக்குது?"ன்னாரு. நான் இங்கன்னு கையை வெச்சேன். பேனாவைக் கீழ போட்டுட்டு நாற்காலியில சாஞ்சுட்டாரு. "முதுகுக்குப் போகுமா?"ன்னாரு. போகுமுங்கன்னேன். "ஈரத்துணியைப் புழியற மாதிரி?" ஆமாங்க டாக்டருன்னு நான் சந்தோசமாச் சொல்றேன், கண்டுபுடிச்சுட்டாரேன்னு. அவரு செவுத்தைக் காட்டுனாரு. பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருக்கறாங்க, "ராஜாளி வலிக்கு இங்கு வைத்தியம் இல்லை"ன்னு. நீங்க உள்ள போனா பாருங்க, கண்ணுல அடிக்கற மாதிரி இருக்கும்.

லைனை முழுசா வெச்சவங்களுக்கு ஒயரைக் கழட்டுனதுக்கப்பறமும் வலி ஒட்டிக்கிச்சாமா. ஒடம்புல ஒண்ணுமே இருக்காது, வலி மட்டும் இருக்குமாமா. தினமும் கூட்டம் கூட்டமா வந்து இங்க நிக்கறாங்க. ஆரம்பத்துல எல்லாத்துக்கும் ஸ்கேன் எடுத்துப் பாத்திருக்கறாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லை. இருக்கறது ஒரே மெஷினு. அதனால இடது விலான்னு சொன்னாலே ஸ்கேன் இல்லை, ஜீரண மாத்திரை நாலு குடுத்து, ஒயரைக் கழட்டிட்டு மோரு குடிங்கன்னு அனுப்பிச்சர்றாங்க. டாக்டரு மேல குத்தம் சொல்ல முடியாதுங்க. ஆயிரம் பேரு வர்றாங்க, ஆயிரம் பேருக்கும் ஒண்ணுமில்லை. ஆயிரத்தோட ஒண்ணா நான் போயி நிக்கறேன்.

"எனக்கு சாக்கெட்டே இல்லீங்க, பிடரியைப் பாருங்க"ன்னு திரும்பிக் காட்டுனேன். பாத்துட்டு, "சாக்கெட்டு இல்லாதவங்களும் வர்றாங்க, பக்கத்து ஊட்டுக்காரன் முனகறதைக் கேட்டே வந்துருதாமா"ன்னாரு. வேற வழியில்லாம வாக்கை மீறிட்டேன். "டாக்டரு, அது என் வலிதானுங்க. ராஜாளிக்கு டப்பிங் குடுத்தது நானுங்க"ன்னேன். அந்தப் பையன் சிரிக்கலை. பாவமாப் பாத்தாரு. "நேத்து ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அதையேதான் சொன்னாருங்கய்யா. முந்தாநேத்து ஒரு அம்மா. எல்லாருக்கும் அது தன்னுதுன்னுதான் தோணுது"ன்னாரு. வராண்டாவுல நின்ன ஒருத்தன் அதைக் கேட்டுட்டு உள்ள வந்து, "தலைவரு வலியைத் திருடறியா"ன்னு சட்டையைப் புடிச்சது அப்பத்தான்.

சரி, காட்டிப்போடறேன்னு அங்கயே முனகுனேனுங்க. வலியும் இருந்துச்சு, காலையில எதையோ சாப்புட்டிருந்தேன். அசல் முனகல். சீசன் முச்சூடும் குடுத்தது. டாக்டரு கண்ணை மூடிக் கேட்டாரு. கேட்டுட்டு என்ன சொன்னாரு தெரியுங்களா? "நல்லாத்தான் பண்றீங்க. ஆனா ஒரிஜினல்ல கடைசியில ஒரு இழுப்பு இருக்கும், அது உங்களுக்கு வரலை"ன்னாரு.

இழுப்பு! நான் எங்கங்க இழுப்பு போட்டேன்? என் முனகல் பட்டுனு அறுந்துதான் நிக்கும். மூச்சு முட்டுனவன் இழுப்பானா? பதிவு பண்ணுனவனுங்கள்ல எவனோ வாலு ஒட்டிப்போட்டிருக்கறான். இப்ப ஊரெல்லாம் அந்த இழுப்போட முனகுது. அதோ அந்தச் செவப்புச் சட்டை முனகறான் கேளுங்க. கேட்டுச்சுங்களா? ம்ம்ம்... ஆஆங்... அந்த ஆஆங் என்னுது இல்லை. நான் சாகப்போற வலி இது, செத்தாச் சாகறேன், எனக்கு அது பெருசில்லை. ஆனா அதைக் கெடுத்து வெச்சிருக்கறாங்களே, அதைத்தான் தாங்க முடியலைங்க. நந்தகோபால் சாரு ஊர்ல இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாரு.

சாகப்போறதுன்னு சொன்னதைப் பெருசா எடுத்துக்காதீங்க. துளசிமணி அப்படித்தான் சொல்றா. அவுங்கப்பனுக்கு இதே எடத்துல வந்துதான் போனாரு, இதே மாதிரி வேட்டி நிக்காமத்தான் போனாருன்னு. உள்ள கட்டி இருந்துச்சாமா. அவருக்கு நேரத்துல பாத்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாமுன்னு இங்கத்த டாக்டரே அப்பச் சொன்னாராமா. எனக்கும் நேரமாகுதுன்னு பயப்படறா. திரும்பி வந்துட்டாளுங்க, தங்கச்சி ஊட்டுல இருந்து. நான் திட்டுனேன், அப்படியும் போகலை. ரெண்டாவது தடவை அவளும் கூட வந்து டாக்டருகிட்ட அழுதா. "பொண்டாட்டிங்களும் வர்றாங்கம்மா, எல்லாரும் இப்படித்தான் சத்தியம் பண்றாங்க"ன்னு அவளுக்கும் மோரு சொல்லி அனுப்பிச்சுட்டாங்க.

பஸ் ஸ்டாப்புல வெச்சு அவதான் சொன்னா. "வலது பக்கம்னு சொல்லுங்க"ன்னு. எனக்கு மொதல்ல புரியலை. "வலது பக்கம் வலிக்குதுன்னா ராஜாளி வலியில்லைன்னு ஸ்கேனுக்கு அனுப்புவாங்க. மெஷினு வயித்தை மொத்தமாத்தானே பாக்கும், வலதுன்னா வலதோட நிறுத்திக்குமா? உள்ள படுத்துட்டீங்கன்னாப் போதும்"னா. அறிவாளிங்க அவ, ஒத்துக்கறேன். ஆனா எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. அம்மணி, நான் அடியாளுக்கு "ஆ" போட்ட காலத்துல இருந்து பொய் வலி குடுத்ததில்லைங்க. எங்க அடி விழுந்துச்சோ அங்கத்த சத்தம்தான் குடுத்திருக்கறேன். இப்பப் போயி இடதுல வலியை வெச்சுக்கிட்டு வலதுல கையை வெச்சு நடிக்கோணும். முடியாதுன்னு சொல்லிப்போட்டேன். அவ பஸ் வர்ற வரைக்கும் என் வேட்டியை இழுத்து இழுத்துக் கட்டிவிட்டுட்டே இருந்தா. இடுப்புல நிக்கவே மாட்டேங்குது பாருங்க, அவ கட்டக் கட்ட எறங்குது.

அதான் இன்னிக்கு வந்துட்டேன். அவளுக்காகத்தான். பின்னாலயே வர்றேன்னா, வேண்டாம், நீ அழுது கெடுத்துருவேன்னு ஊட்டுல விட்டுட்டு வந்தேன். இன்னிக்கு வேற டாக்டராமா, பொம்பளை டாக்டரு. என்னைத் தெரியாது. வலது பக்கம்னு சொல்லிருவேன். கையை இங்க வெச்சா, பாருங்க, இப்படி, பாக்கறதுக்கு ஞாயமாத்தானே இருக்குது? கண்ணாடி முன்னால பழகிட்டு வந்திருக்கறேன்.

ஆனா ஒரு கோளாறுங்க. கையை மாத்திட்டேன், முனகலை மாத்த முடியலை. அந்தம்மா வயித்தை அமுக்கிப் பாப்பாங்கள்ல, அப்ப எனக்கு என் சத்தந்தான் வருது. என் சத்தம்தான் இப்ப ஊரு சத்தமாச்சே. வாலு ஒட்டுனாலும் ஒட்டாட்டியும் கேட்டதும் ராஜாளின்னு கண்டுக்குவாங்க. முனகாம இருந்தா, வலிக்கலை போ எந்திரின்னு சொல்லிருவாங்க. வேற ஆளு முனகற மாதிரி முனகோணும். ராஜாளியைப் பாக்காத ஆளு. லைனே எடுக்காத ஆளு. இந்த ஊர்ல அப்படி ஒருத்தரைத் தேடறதுக்குத்தான் காலையில இருந்து பிடரி பிடரியாப் பாத்துட்டு நின்னேன்.

ஏனுங்க அம்மணி, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு நான் கேக்கவே இல்லை பாருங்க. என்னது? பல்லுங்களா? கடவாய்ப்பல்லா? ஐயோ, கன்னம் இப்படி வீங்கிக் கெடக்குதே. அதான் ஒரு வார்த்தை பேசாம இருந்தீங்களா? நான் பாட்டுக்கு, ரசிச்சுக் கேக்கறீங்கன்னு நெனச்சுட்டேன். பல்லு டாக்டரு பத்து மணிக்கு மேலதான் வருவாரு, அந்த மூலை ரூமு. நெம்ப வலிக்குதுங்களா? கண்ணுல தண்ணி நிக்குது. சரி சரி, பேச வேண்டாம்.

வாயைத் தொறக்க வேண்டாம், மூடிக்கிட்டே சொல்லுங்க. அது வெட்டி இழுக்கறப்ப உங்களுக்கு என்ன சத்தம் வரும்? வெக்கப்படாதீங்க. நானும் இதே தொழில்ல இருந்த ஆளுதான். ஒரே ஒரு வாட்டி முனகிக் காட்டுங்க, நான் புடிச்சுக்கறேன்.

ஆங். ஆங். மூக்குலதான் வருது இல்லைங்களா, தொண்டையில இல்லை. ம்ம்... ந்ங்... இப்படியா? இல்லை, எனக்கு அடி வயித்துல இருந்து வந்துருது. இருங்க. ந்ங்ம்... ச்சே. மறுபடியும் என்னுதே வருது.

வெள்ளிங்கிரின்னு கூப்புடறாங்க, அம்மணி. என்னையத்தான். இருக்கறேனுங்க, வந்துட்டேன்! கோவிச்சுக்காதீங்க, வலிக்குதுன்னு தெரியுது, இன்னும் ஒரே ஒரு வாட்டி போடுங்க.